நடுவும் விளிம்பும்



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். சூரியனின் நடுவில் வெப்பம் எவ்வளவு? பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்: ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே அடர்த்தி எவ்வளவு? தண்ணீரைப்போல் 150 மடங்கு. சரி, யார் போய் அளந்தார்கள்? எந்தக் கருவி அங்கே இறங்கியது? மேற்பரப்பிலேயே 5,500 டிகிரி. அதற்குக் கீழே 7 லட்சம் கிலோமீட்டர் ஆழம். நடுவில் பிறக்கும் ஒளிகூட நேராக வெளியே வருவதில்லை. மோதி, சிதறி, திசை மாறி, பல்லாயிரம் ஆண்டுகள் கழித்துத்தான் மேற்பரப்பை எட்டுகிறது. பிறகு எப்படித் தெரிந்தது?

கணக்குப் போட்டுத் தெரிந்தது. கருவி நுழைய முடியாத இடத்துக்குள் கணக்கு நுழைந்தது. இன்று மாலை நான் பேச வந்திருப்பது அந்தக் கணக்கைப் பற்றித்தான். பாடப்புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர்: எல்லை நிபந்தனைகளோடு வரும் நேரியல் அல்லாத வகைக்கெழுச் சமன்பாடுகளை எண்ணியல் முறையில் தீர்த்தல். பெயர்தான் நீளம். உள்ளே இருக்கும் எண்ணம் எளியது, அழகானது.

வகைக்கெழுச் சமன்பாடு நமக்கு என்ன சொல்கிறது? இந்த இடத்தில் நிலைமை இப்படி என்றால், அடுத்த அடியில் அது எவ்வளவு மாறும் என்று சொல்கிறது. அவ்வளவுதான். எறிந்த கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கை விட்ட இடம் தெரியும், விட்ட வேகம் தெரியும். ஓர் அடி, இன்னோர் அடி, மற்றோர் அடி என்று கணக்குத் தானாக முன்னே நடக்கும். தொடங்கும் இடத்தில் எல்லாமே தெரிந்திருப்பதால் வரும் சுகம் அது.

விண்மீன் அந்தச் சுகத்தைத் தருவதில்லை. அதன் நிறை தெரியும். எந்தப் பொருளால் ஆனது என்பது தெரியும். உள்ளே ஒவ்வோர் அடுக்கிலும் நான்கு அளவுகள் வேண்டும்: ஆரம், அழுத்தம், வெப்பநிலை, அந்த அடுக்கைக் கடந்து வெளியேறும் ஆற்றல். நான்குக்கும் நான்கு சமன்பாடுகள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது? நடுவிலிருந்தா? அங்கே ஆரம் சுழி, வெளியேறும் ஆற்றல் சுழி. ஆனால் அழுத்தம் தெரியாது, வெப்பநிலை தெரியாது. விளிம்பிலிருந்தா? அங்கே அழுத்தமும் வெப்பநிலையும் நடுவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லும் அளவுக்குச் சிறியவை. ஆனால் விளிம்பு எந்த ஆரத்தில் இருக்கிறது என்று தெரியாது. மொத்த ஒளிர்வு தெரியாது. பாதி விவரம் இந்த முனையில், பாதி விவரம் அந்த முனையில். இதைத்தான் எல்லை நிபந்தனைச் சிக்கல் என்கிறோம்.

அப்படியானால் என்ன செய்வது? பீரங்கிக்காரர் செய்வதைச் செய்வது. முதல் குண்டு இலக்குக்கு முன்னால் விழுகிறது. குழாயைச் சற்று உயர்த்துகிறார். அடுத்தது தாண்டிப் போகிறது. இரண்டுக்கும் இடையில் கோணத்தை வைக்கிறார். கணக்கிலும் அதே வேலைதான். தெரியாத அளவை ஊகித்து இந்த முனையில் வைக்க வேண்டும்; அடி அடியாக நடந்து அந்த முனைக்குப் போக வேண்டும்; எவ்வளவு தவறியது என்று பார்த்து ஊகத்தைத் திருத்த வேண்டும். அதனால்தான் இதற்குச் சுடும் முறை என்றே பெயர்.

சமன்பாடு நேரியலாக இருந்தால் இது மிக எளிது. ஊகிக்க வேண்டியது ஓர் அளவுதான் என்றால், இரண்டே முறை சுட்டால் போதும். இரண்டு விடைகளையும் தக்க விகிதத்தில் கலந்தால் சரியான விடை தானாகக் கிடைத்துவிடும். நேரியல் அல்லாத சமன்பாட்டில் அந்தக் கலவை செல்லாது. ஒரு விடையையும் இன்னொரு விடையையும் கூட்டினால் விடை வராது. விண்மீனில் எதுவும் நேரியலாக இல்லை. சூரியனில் நடக்கும் ஹைட்ரஜன் எரிப்பு, வெப்பநிலையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் வளர்கிறது. வெப்பநிலை 10 விழுக்காடு கூடினால் ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். இன்னும் கனமான விண்மீன்களில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் வழியாக நடக்கும் எரிப்பில் அடுக்கு 16ஐ ஒட்டி வரும். அங்கே அதே 10 விழுக்காடு நாலரை மடங்கு ஆக்கிவிடும். ஊகத்தில் ஒரு சிறு பிசகு, விடையில் எவ்வளவு பெரிய பிசகு என்று நினைத்துப் பாருங்கள்!

இந்த வேலையை முதலில் தொட்டவர் ஹோமர் லேன் என்ற அமெரிக்கர். 1870இல் சூரியனை ஒரு வாயுக் கோளமாகக் கொண்டு கணக்கிட்டார். 1907இல் இராபர்ட் எம்டன் அதே கணக்கை விரித்து ஒரு பெரிய நூலாகவே எழுதினார். சென்னைக்காரர்களுக்கு எம்டன் என்றதும் 1914இல் துறைமுகத்தில் குண்டு வீசிய ஜெர்மன் கப்பல்தான் நினைவுக்கு வரும். அதற்கும் இவருக்கும் தொடர்பில்லை. லேன்–எம்டன் சமன்பாடு என்று இருவர் பெயரிலும் வழங்கும் அந்தச் சமன்பாடு, அழுத்தம் அடர்த்தியைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட அடுக்கில் மாறும்போது வாயுக் கோளம் எப்படி அமையும் என்று சொல்கிறது. அடுக்கைக் குறிக்கும் எண்ணை n என்று வைத்துக்கொள்வோம். n என்பது 0, 1, 5 ஆகிய மூன்று மதிப்புகளுக்குத்தான் அழகான வாய்பாடாக விடை எழுத முடியும். மற்ற மதிப்புகளுக்கு? எண்களை வைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

மாணவர்கள் சற்றே கவனியுங்கள். இதை நீங்களே செய்து பார்க்கலாம். n = 3 என்று எடுங்கள். நடுவில் நாம் தேடும் அளவின் மதிப்பு 1, அதன் சாய்வு சுழி. அங்கேயே ஓர் இடறல் காத்திருக்கிறது. சாய்வைத் தூரத்தால் வகுக்கும் ஓர் உறுப்பு சமன்பாட்டில் இருக்கிறது. நடுவில் அது சுழியைச் சுழியால் வகுப்பதாகிவிடும். கணிப்பொறி அங்கேயே நின்றுவிடும். ஆகவே முதல் அடியை மட்டும் கையால் வைத்துக் கொடுக்க வேண்டும். நடுவுக்கு மிக அருகில் மதிப்பு, தூரத்தின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கை 1இலிருந்து கழித்தால் வருவது. அந்த ஓர் அடிக்குப் பிறகு கணக்கு ஓடும். ஓர் அடி 0.1 என்று வைத்தால், 69ஆவது அடியை ஒட்டி மதிப்பு சுழியைத் தொடும். இடம் 6.897. அதுதான் கோளத்தின் விளிம்பு. அந்த விளிம்பில் சாய்வைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் குறியை மாற்றினால் 2.018 வரும்.

இந்த 2.018ஐ நினைவில் வையுங்கள். நம் ஊரில் படித்த ஓர் இளைஞரின் வாழ்க்கையில் இந்த எண் வருகிறது.

1930ஆம் ஆண்டு, ஜூலை மாதக் கடைசி நாள். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் முடித்த 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் பம்பாயில் கப்பல் ஏறுகிறார், கேம்பிரிட்ஜுக்கு. எரிந்து முடிந்த விண்மீன்களான வெண்குறுமீன்கள் எப்படி நிலைத்து நிற்கின்றன என்று இயற்பியலாளர் ஃபவுலர் 1926இல் விளக்கியிருந்தார். அங்கே எலெக்ட்ரான்கள் நெருக்கப்பட்டு, தம் நெருக்கத்தாலேயே எதிர்த்துத் தள்ளுகின்றன. ஃபவுலரின் விளக்கத்தில் எவ்வளவு கனமான விண்மீனுக்கும் ஒரு விடை உண்டு. கனம் கூடக்கூட உருவம் சிறுக்கும், அவ்வளவுதான். கப்பலில் இருந்த இளைஞர் கேட்டார்: இவ்வளவு நெருக்கினால் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குமே, அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்க்க வேண்டாமா? சேர்த்தார். n = 1.5 ஆக இருந்த சமன்பாடு, எல்லை நிலையில் n = 3 ஆனது. n = 3இல் ஒரு விந்தை நடக்கிறது. நடு அடர்த்தியை எவ்வளவு வைத்தாலும் மொத்த நிறை மாறுவதில்லை. அந்த ஒரே நிறையைத் தரும் வாய்பாட்டில் இயற்கையின் மாறிலிகளோடு சேர்ந்து நிற்கும் எண்தான் 2.018!

இதை எண்ணிப் பார்க்க வேண்டும், அன்பர்களே. சந்திரசேகர் எல்லை என்று உலகம் போற்றும் அந்த அளவுக்குள் எந்தக் கணித வாய்பாட்டாலும் எழுதிவிட முடியாத ஓர் எண் இருக்கிறது. அடி அடியாக நடந்துதான் அதை அடைய முடியும். எண்ணியல் முறை என்றால் ஏதோ தோராயம், இரண்டாந்தரக் கணிதம் என்று நினைக்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் இன்றும் இருக்கிறது. அது தவறு என்று உரத்துச் சொல்கிறேன்.

எல்லை நிலை மட்டும் போதாது என்று சந்திரசேகருக்குத் தெரியும். இடைப்பட்ட விண்மீன்கள் முழுவதையும் கணக்கிட்டாக வேண்டும். கையால் சுழற்றும் கணக்குப் பொறி ஒன்றை வைத்துக்கொண்டு, வெவ்வேறு நடு அடர்த்திகளுக்குச் சமன்பாட்டை நடுவிலிருந்து விளிம்பு வரை நடத்தினார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நிறை, ஓர் ஆரம். இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். எனக்கு வேண்டிய நிறையை நான் சொல்கிறேன். அதற்குரிய நடு அடர்த்தியைக் கண்டுபிடியுங்கள். சூரியனைப்போல் 1 மடங்கு? கிடைக்கும். 1.3 மடங்கு? கிடைக்கும்; நடு அடர்த்தி மிக உயர்ந்திருக்கும். 1.5 மடங்கு? ஊகத்தை உயர்த்துங்கள்; போதவில்லை. இன்னும் உயர்த்துங்கள், போதவில்லை. ஆயிரம் மடங்கு உயர்த்துங்கள், போதவில்லை. ஏன்? விடை இல்லை! ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் அந்தச் சமன்பாட்டுக்கு விடையே கிடையாது.

விடை இல்லை என்றால் என்ன பொருள்? சமன்பாடு தவறா? கணக்கு தவறா? 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் வானியலாளர் அவையில் சந்திரசேகர் இதைச் சொன்னபோது, அந்தக் காலத்தின் பெரும்புள்ளியான எடிங்டன் எழுந்து மறுத்தார். விண்மீன் இப்படி நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். அப்படி ஒரு விதி இல்லை. அந்த நிறைக்கு மேல் அமைதியான வெண்குறுமீன் இருக்க முடியாது. அது சரிந்தே தீரும். நியூட்ரான் விண்மீனுக்கும் கருந்துளைக்கும் போகும் வழி அந்த விடையின்மையில்தான் திறந்தது. 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது.

விடையின்மையை விண்ணில் பார்த்தோம், மண்ணிலும் பார்ப்போம். குவித்து வைத்த வைக்கோல், குவித்து வைத்த நிலக்கரி, யாரும் பற்ற வைக்காமலே தீப்பிடிப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உள்ளே மெல்ல வெப்பம் பிறக்கிறது. வெப்பம் ஏற ஏற அது பிறக்கும் வேகமும் ஏறுகிறது. இரு பக்கமும் காற்றுப் பட்டுக் குளிர்கிறது. இரண்டு முனையிலும் நிபந்தனை, நடுவில் நேரியல் அல்லாத வளர்ச்சி. சோவியத் அறிவியலாளர் ஃபிராங்க்-காமெனெட்ஸ்கி 1939இல் இதைச் சமன்பாடாக்கினார். குவியலின் தடிமன், பொருளின் தன்மை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி, அதை லாம்டா என்பார்கள். லாம்டா 1 என்றால் இந்தச் சமன்பாட்டுக்கு ஒன்றல்ல, இரண்டு விடைகள். ஒன்றில் நடு வெப்பம் 0.14 அளவு உயர்கிறது, மற்றதில் 4.09. முனையில் சாய்வை 0.55 என்று ஊகித்துச் சுட்டால் முதலாவது அகப்படும், 10.85 என்று சுட்டால் இரண்டாவது. இரண்டும் சமன்பாட்டுக்கு ஒத்தவைதாம். ஆனால் குவியல் உண்மையில் முதலாவதில்தான் தங்கும்; இரண்டாவது நிலையற்றது. லாம்டாவை உயர்த்திக்கொண்டே போனால் இரண்டு விடைகளும் நெருங்கி, 3.5138இல் ஒன்றாகிவிடும். 3.52 வைத்துப் பாருங்கள். கணிப்பொறி சுற்றும், சுற்றும், கடைசியில் விடை ஒருங்கவில்லை என்று அச்சிடும்.

அந்தச் செய்தி வந்ததும் நம் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? நிரலில் பிழை தேடுகிறார்கள். அடி நீளத்தைக் குறைக்கிறார்கள். சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். எல்லாம் செய்ய வேண்டியவைதாம். ஆனால் அந்தக் குவியல் எரிகிறது என்றுதான் கணிப்பொறி சொல்லிக்கொண்டிருக்கிறது! எத்தனை விடைகள் உண்டு, விடை உண்டா இல்லையா என்ற கேள்வியை முதலில் கேட்காமல் நேரியல் அல்லாத சமன்பாட்டின் அருகில் போகக் கூடாது. வேறு ஊகம் வைத்து மறுபடி சுட்டுப் பார்க்காமல், கிடைத்த முதல் விடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

மறுபடியும் விண்மீனுக்கு வருவோம். வெண்குறுமீனின் கணக்கில் வெப்பநிலை தொல்லை செய்வதில்லை. எரியும் விண்மீனில் நான்கு சமன்பாடுகளும் வேண்டும். விளிம்பிலிருந்து உள்நோக்கி நடந்தால், ஊகத்தில் இருந்த சிறு பிழை நடுவை நெருங்கும்போது மலையாக வளர்ந்து நிற்கும். நடுவிலிருந்து வெளியே நடந்தாலும் விளிம்பில் அதே கதி. எந்தப் பக்கமிருந்து சுட்டாலும் இலக்குக்கு அருகில் கணக்கு சிதறுகிறது. எப்படித் தப்பிப்பது?

மலையைக் குடைந்து பாதை போடுகிறவர்கள் இரண்டு பக்கமிருந்தும் தோண்டி நடுவில் சந்திப்பார்கள் அல்லவா? அதையே செய்தார்கள். பிரின்ஸ்டனில் மார்ட்டின் ஷ்வார்ஸ்சில்டு இந்த முறையைத் தேர்ந்த கலையாக்கி, 1958இல் வந்த தம் நூலில் விளக்கினார். இந்த மார்ட்டினின் அத்தை கணவர்தான் நாம் பார்த்த எம்டன். தந்தை கார்ல் ஷ்வார்ஸ்சில்டு, கருந்துளையின் ஆரத்துக்குப் பெயர் தந்தவர். ஒரே குடும்பம்! நடு அழுத்தம், நடு வெப்பநிலை என்று இரண்டு ஊகம் வைத்து வெளியே ஒரு நடை. ஆரம், ஒளிர்வு என்று இரண்டு ஊகம் வைத்து உள்ளே ஒரு நடை. இரண்டு நடையும் ஓர் இடைப்பட்ட அடுக்கில் சந்திக்கும். அங்கே நான்கு அளவுகளும் பொருந்த வேண்டும். முதல் முறை பொருந்துமா? பொருந்தாது. நான்கு இடைவெளிகள் இருக்கும்.

இங்கேதான் நியூட்டன் வருகிறார். நான்கு ஊகங்களில் ஒன்றை மட்டும் இம்மியளவு அசைத்து, மறுபடி நடந்து, நான்கு இடைவெளிகளும் எப்படி மாறின என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஊகத்தை அசைக்க வேண்டும். அதற்கடுத்ததை. இப்படி நான்கும் முடிந்தால் நான்குக்கு நான்கு என்று 16 எண்கள் கையில் இருக்கும். மிகச் சிறிய எல்லைக்குள் எல்லாமே நேரியலாகத்தான் தெரியும் என்ற நம்பிக்கையில், நான்கு நேரியல் சமன்பாடுகளைத் தீர்த்துத் திருத்தத்தைக் கண்டு, மறுபடி தொடங்க வேண்டும். விடைக்கு அருகில் வந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்கள் இரட்டிக்கும். தொலைவில் தொடங்கினால் அது எங்கே இட்டுச்செல்லும் என்று சொல்ல முடியாது. ஆகவே நல்ல ஊகம் என்பது பாதிக் கணக்கு.

அந்த நல்ல ஊகத்தை எங்கே வாங்குவது? பெர்க்லியில் லூயி ஹென்யியும் துணைவர்களும் 1959இலும் 1964இலும் வெளியிட்ட முறை இதற்கு அருமையான விடை தந்தது. நடக்கவே வேண்டாம் என்றார்கள். விண்மீனைச் சில நூறு அடுக்குகளாகப் பிரித்து, எல்லா அடுக்கிலும் எல்லா அளவுகளையும் ஒரே வீச்சில் ஊகித்துவிடுவது. ஒவ்வொரு சமன்பாடும் ஓர் அடுக்கை அதன் பக்கத்து அடுக்கோடு மட்டுமே பிணைக்கிறது; ஆகவே ஆயிரம் அறியாதவை இருந்தாலும் அணியில் மூலைவிட்டத்தை ஒட்டித்தான் எண்கள் இருக்கும், மற்ற இடமெல்லாம் சுழி. கணிப்பொறிக்கு அது சுமையே இல்லை. நடுவின் நிபந்தனையும் விளிம்பின் நிபந்தனையும் ஒரே சமயத்தில் கணக்குக்குள் வருகின்றன. ஊகம்? விண்மீன் காலத்தோடு மெல்ல மாறுகிறது. நேற்றைய விண்மீனே இன்றைய விண்மீனுக்கு ஊகம்! இன்று உலகெங்கும் ஆய்வு மாணவர்கள் பயன்படுத்தும் மெசா என்ற நிரலின் அடிப்படையிலும் இந்த எண்ணம்தான் ஓடுகிறது.

இப்படிப் பெற்ற சூரியனை நம்பலாமா? கணக்குப் போட்டவர் தம்மைத் தாமே சோதிக்க வழிகள் உண்டு. அடி நீளத்தைப் பாதியாக்கிப் பார்க்கலாம். அடி அடியாக நடக்க உதவும் ரூங்கே–குட்டா நான்காம் படி முறையில் பிழை ஏறத்தாழ 16இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் எங்கோ கோளாறு. ஆனால் சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தோம் என்பது வேறு, சூரியன் அப்படித்தான் இருக்கிறது என்பது வேறு. இரண்டாவதற்கு நடுவிலிருந்தே ஒரு சாட்சி வர வேண்டும்.

அந்தச் சாட்சி நியூட்ரினோ. அநேகமாக எதிலும் மோதாமல் நடுவிலிருந்து நேரே வெளியே வரும் துகள். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், உலர்சலவைக்குப் பயன்படும் திரவத்தைப் பெருந்தொட்டியில் நிரப்பி ரேமண்ட் டேவிஸ் காத்திருந்தார். ஜான் பாக்கால் சூரியனைக் கணக்கிட்டு, எத்தனை வரும் என்று சொன்னார். 1968இல் முதல் முடிவு வந்தது. எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்ததில், மூன்றில் ஒரு பங்குதான் நிலைத்தது.

யார் மேல் சந்தேகம் விழும்? கணக்கின் மேல்தான். டேவிஸின் தொட்டி பெரும்பாலும் பிடித்த போரானிலிருந்து பிறக்கும் நியூட்ரினோக்களின் எண்ணிக்கை, நடு வெப்பநிலையின் இருபதுக்கு மேற்பட்ட அடுக்கில் மாறும். நடு வெப்பநிலையை 5 விழுக்காடு குறைத்தால் போதும், மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். யாரும் போய்ப் பார்த்திராத ஓர் இடத்தின் வெப்பநிலையில் 5 விழுக்காட்டை விட்டுக்கொடுப்பது பெரிய காரியமா? பாக்கால் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லை நிபந்தனைகளையும் ஒவ்வோர் உள்ளீட்டையும் மறுபடி மறுபடி சோதித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த 5 விழுக்காட்டை எங்கேயும் கண்டெடுக்க முடியவில்லை.

கனடாவின் சட்பரியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் 1,000 டன் கனநீரை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. டேவிஸின் தொட்டி நியூட்ரினோவின் ஒரு வகையை மட்டுமே பிடிக்கும். கனநீர் மூன்று வகைகளையும் சேர்த்து எண்ணும். 2002இல் அந்த மொத்த எண்ணிக்கை வெளியானது. வழியில் நியூட்ரினோக்கள் வகை மாறியிருந்தன. மூன்று வகைகளையும் கூட்டினால், நான்கு சமன்பாடுகளையும் இரு முனை நிபந்தனைகளையும் வைத்துக்கொண்டு பாக்காலும் அவர் தோழர்களும் சொன்ன எண்ணிக்கை, அளவீட்டின் பிழை எல்லைக்குள் அப்படியே வந்து நின்றது.